குப்பை, தெருவிளக்கு, சந்தை: ஒரு பிரதேச சபையில் ஐந்து ஆண்டுகள்

2018 பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் நான் எந்த வட்டாரத்திலும் நிற்கவில்லை. உறுப்பினர்களில் 25 வீதம் பெண்களாக இருக்க வேண்டும் என்ற சட்டம் அந்தத் தேர்தலில்தான் முதல்முறையாக நடைமுறைக்கு வந்தது. கட்சிகள் அவசர அவசரமாகப் பெண்களைத் தேடின. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பித்தவள். கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "டீச்சர், மேலதிகப் பட்டியலில பேரைப் போடுறம், ஒரு கையெழுத்து வையுங்க" என்றார். வைத்தேன். அப்படித்தான் அம்பாறைக் கரையோரத்தில், கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நடுவே உள்ள ஒரு சபையில் ஐந்து ஆண்டுகள் இருந்தேன். தமிழரும் முஸ்லிம்களும் கலந்த சபை. எந்தச் சபை என்று சொல்லப் போவதில்லை. அதில் இருந்தவர்கள் எல்லோரும் இன்னும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில்தான் வாழ்கிறார்கள்.

இப்போது நல்லிணக்கக் கூட்டங்களுக்கு என்னை அழைக்கிறார்கள். மேடையில் ஏறும் எல்லோரும் கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பார்கள். பொய்யில்லை. தாய்வழிக் குடிமுறை இரண்டு சமூகத்துக்கும் உண்டு, வயலும் கடலும் உண்டு, பேச்சும் ஒன்றுதான். ஆனால் 1990 ஆகஸ்டிலும் இதெல்லாம் இருந்தது. அந்த மாதம் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். பழைய உறவு இருந்தும் அது நடந்தது. அதனால் உறவை மட்டும் நம்பி அமைதியை விட்டுவைக்க முடியாது என்பது என் எண்ணம். யாருக்கும் யார்மேலும் பிரியம் இல்லாத நாளிலும் நடந்தாக வேண்டிய சில ஒழுங்குகள் வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் ஜனநாயகம் ஆகாது என்பதை எங்கள் மாவட்டம் சீக்கிரமே பட்டு அறிந்தது. 1956 ஜூனில், சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை வாக்குகளால், முறைப்படிதான் நிறைவேறியது. அதே மாதம் இன்றைய அம்பாறை மாவட்டத்தில் அடங்கும் கல்லோயாக் குடியேற்றத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் இனக்கலவரங்களில் ஒன்று அது. வாக்கெடுப்பில் தோற்றவர்கள் அடுத்த முறை வெல்லலாம் என்றால் தோல்வியைத் தாங்கிக்கொள்வார்கள். பிறப்பால் சிறுபான்மையாக இருப்பவருக்கு அடுத்த முறை என்று ஒன்று இல்லை.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறையில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. மூன்று பேரும் தங்கள் தங்கள் கட்சிக்கு வாக்களிப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. 1978 அரசியலமைப்பில் ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெற 12.5 வீத வாக்கு வேண்டும் என்று இருந்தது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் வலியுறுத்தியதால் 1988இல் வந்த 15ஆம் திருத்தம் அதை 5 வீதமாகக் குறைத்தது. சிறிய கட்சிகள் மூச்சு விட்டது அதன் பிறகுதான். இருந்தாலும் 2020 பொதுத் தேர்தலில் தமிழ் வாக்குகள் சிதறி, எங்கள் மாவட்டத்தில் ஒரு தமிழர்கூட நேரடியாகத் தெரிவாகவில்லை. தேசியப் பட்டியலில் ஒருவர் போனார். அந்த இரவு எங்கள் ஊரில் இழவு வீட்டு அமைதி. ஒரு சமூகத்துக்கு அப்படி ஓர் இரவு வந்தால், மறுநாள் காலை அவர்களிடம் போய் ஒற்றுமை பற்றிப் பேசக் கூடாது. கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும்.

உள்ளூராட்சியில் நிலைமை வேறு. உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்திலிருந்து, 40 வீதம் கட்சிப் பட்டியலிலிருந்து என்ற கலப்புமுறையால் 2018இல் நாடு முழுவதும் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. "இழுபறிச் சபை, உருப்படாது" என்று பத்திரிகைகள் எழுதின. எங்களைப் போன்ற ஊர்களுக்கு அது நல்லதாகவே அமைந்தது. உள்ளூராட்சி ஆணையாளர் முன்னிலையில் தவிசாளர் தெரிவு நடக்கும் முன்பே, தமிழ் உறுப்பினர்களும் முஸ்லிம் உறுப்பினர்களும் பேசியே ஆக வேண்டியிருந்தது. தவிசாளர் தமிழர், உப தவிசாளர் முஸ்லிம் என்று முடிவானது.

அந்தப் பேச்சில் நான் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். எழுத்தில் வேண்டும் என்றேன். "நம்பிக்கை இல்லையா டீச்சர்?" என்று எங்கள் பக்கத்திலேயே கேட்டார்கள். நம்பிக்கை இருக்கிறது, ஆனால் இரண்டு வருடத்துக்குப் பிறகு யார் என்ன சொன்னோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஒரு தாளில், தெளிவான தமிழில், எழுதினோம்: எந்தக் குழுவுக்கு யார் தலைவர், வருமானத்தை வட்டாரங்களுக்கு எப்படிப் பகிர்வது, முரண்பாடு வந்தால் ஊடகத்துக்குப் போகும் முன் யார் வீட்டில் கூடுவது. கடைசி வரிதான் பிறகு அதிகம் பயன்பட்டது.

சபை கூடும் முன்பே முதல் சோதனை வந்துவிட்டது. பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. சிங்களம் சரியாக வராத காசாளரைக் கூட்டம் சூழ்ந்து நின்று கேட்டது. பயத்தில் அவர் ஆம் என்றார். அது காணொளியாகப் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்துப் பார்த்து, அது வெறும் மாவுக் கட்டி என்று சொன்னது. அதற்குள் மார்ச் மாதம் கண்டி திகனவில் கலவரம் வெடித்து, அவசரகால நிலை பிரகடனமாகி, சமூக ஊடகங்களை முடக்கும் வரை போய்விட்டது.

நான் சிங்களம் படிப்பித்தவள் என்பதால் அந்தக் காணொளி என்னை மிகவும் வருத்தியது. அந்தக் கடையில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு ஆள் நின்றிருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. இரண்டு மொழியும் அரச கருமத்துக்கு உரியவை என்று 1988இன் 16ஆம் திருத்தம் சொல்கிறது. நடைமுறையில் கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, எங்கள் சபைக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் "தமிழ்ப் பிரதி அனுப்பவும்" என்று பதில் எழுதினேன், கூடவே அந்தக் கடிதத்தை மொழிபெயர்த்து எல்லா உறுப்பினருக்கும் கொடுத்தேன். உரிமையைக் கேட்பதும் வேலையை நிறுத்தாமல் செய்வதும் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் ஒன்று கோபம்தான் மிஞ்சும், இல்லையென்றால் அடிமைப் பழக்கம் வந்துவிடும்.

வதந்தி பற்றி நாங்கள் செய்துகொண்ட ஒழுங்கு மிக எளிது. ஒவ்வொரு ஊரிலும் ஒருவர்: கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர், தேவாலயத்தில் ஒருவர், மீனவர் சங்கத்தில் ஒருவர், ஓட்டோத் தரிப்பிடத்தில் ஒருவர். செய்தி வந்தால் அந்த இடத்தில் இருப்பவருக்கு நேரே அழைப்பது. அவர் போய்த் தன் கண்ணால் பார்த்துச் சொல்வது. மறுப்புச் செய்தி எழுதினாலும் அதில் வதந்திப் படத்தைச் சேர்க்காதே என்பது அடுத்த விதி. பொய் என்று சொல்லி அனுப்பினாலும் படத்தைத்தான் ஆட்கள் பார்க்கிறார்கள், மேலே எழுதியதை வாசிப்பதில்லை. ஓட்டோக்காரர் சேர்ந்ததுதான் மிகவும் உதவியது. ஊரில் எது நடந்தாலும் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான், அதை முதலில் பரப்புவதும் அவர்கள்தான்.

சரி, சபையின் அன்றாட வேலைக்கு வருகிறேன். சண்டை மூண்டதும், சண்டை தீர்ந்ததும் பெரும்பாலும் குப்பையில்தான்.

எங்கள் மாவட்டத்தில் குப்பை கொட்ட இடமில்லை. பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று சாகும் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் சபையின் உழவு இயந்திரம் கொண்டுபோய்க் கொட்டிய இடம் இரண்டு ஊருக்கும் நடுவிலிருந்த ஒரு பள்ளக் காணி. முஸ்லிம் ஊர்க் குப்பையை, அதுவும் இறைச்சிக் கழிவை, எங்கள் வாசலில் கொட்டுகிறார்கள் என்று தமிழர் ஒரு மனு. தமிழர் குப்பையைக் கொளுத்தி எங்கள் பிள்ளைகளுக்கு முட்டு வருத்தம் உண்டாக்குகிறார்கள் என்று முஸ்லிம்கள் ஒரு மனு. நாறுகிறது என்ற சாதாரண முறைப்பாடு ஒரு கிழமைக்குள் இனப் பிரச்சினை ஆகிவிட்டது. இரண்டு நாடாளுமன்ற அரசியல்வாதிகள் வேறு வந்து படம் எடுத்துவிட்டுப் போனார்கள்.

நாங்கள் ஓர் உபகுழு போட்டோம். உறுப்பினர்களை மட்டும் போடவில்லை, அந்தக் காணிக்கு மிகக் கிட்ட உள்ள வீட்டுக்காரர்களை இரண்டு பக்கமும் சேர்த்தோம். கொளுத்துகிற நேரம் பார்த்து மாலையில் எல்லோரும் அங்கே போய் நின்றோம். என்னைவிட மூத்த ஒரு முஸ்லிம் உறுப்பினர், நாங்கள் எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிறவர், புகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், இப்ப கச்சான் காத்து அடிக்குது, புகை ஒங்கட ஊருக்குப் போகுது. வாடை தொடங்கட்டும், எங்கட ஊருக்குள்ள வரும். நாம ஆறாறு மாசமா மாறி மாறித்தான் மனுப் போடுறம்." பழைய மனுக்களின் திகதிகளைச் சபைக் கோப்பில் எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது அப்படியே இருந்தது.

அதன் பிறகு பேச்சு சுலபமானது. கொளுத்துவதை நிறுத்துவது, இறைச்சிக் கடைக்காரர் கழிவைப் புதைப்பதை அனுமதிப்பத்திர நிபந்தனையாக்குவது, உக்கும் குப்பையைத் தனியாக எடுத்துப் பசளையாக்குவது, மதில் கட்டும்வரை வேலி போடுவது. ஒவ்வொரு கூட்ட முடிவையும் கோயில் பலகையிலும் பள்ளிவாசல் பலகையிலும் ஒரே நாளில் ஒட்டினோம். ஒரே நாளில் என்பது முக்கியம். ஒரு பக்கம் முதலில் தெரிந்தால் மறுபக்கம் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைக்கும். பிரச்சினை முழுக்கத் தீரவில்லை, மதில் கட்டக் காசு வந்ததே மிகப் பிந்தி. ஆனால் மனுவில் தமிழர், முஸ்லிம் என்று எழுதுவது நின்று, தெருப் பெயரை எழுதத் தொடங்கினார்கள்.

தெருவிளக்கிலும் இதே கதை. உறுப்பினருக்கு இத்தனை விளக்கு என்று பகிர்ந்தால், ஒவ்வொருவரும் தன் வட்டாரத்தில் போடுவார். இரண்டு ஊருக்கும் நடுவே போகும் வீதி யாருடைய வாக்குக்கும் உதவாது, அதனால் அது இருட்டாகவே கிடக்கும். பயமும் சண்டையும் வருவது அங்கேதான். நாங்கள் எல்லா விளக்குக் கம்பங்களையும் ஒரு பட்டியலில் எழுதி, ஆஸ்பத்திரி, பாடசாலை, பஸ் தரிப்பிடம், எல்லை வீதி என்று முன்னுரிமை வைத்து, பட்டியலைப் பகிரங்கமாக ஒட்டினோம். முறைப்பாடு குறையவில்லை. "அவங்களுக்குத்தான் குடுக்கிறாங்க" என்றது போய், "என்ட வீதி ஏன் இவ்வளவு கீழ கிடக்கு?" என்று வந்தது. அந்த இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

பட்டியலில் வந்த பெண்களுக்கு ஒரு வசதி இருந்தது. வட்டாரத்தில் வென்றவர் தன் வட்டாரத்து ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டும், வட்டாரங்களோ பெரும்பாலும் ஒரே இனம். எங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. நானும் ஒரு முஸ்லிம் பெண் உறுப்பினரும் சேர்ந்து சந்தையில் பெண்களுக்கு மலசலகூடம் கேட்டோம். சேர்ந்து பேசியதால் அது எந்தச் சமூகத்தின் கோரிக்கை என்று யாருக்கும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நிறைவேறியது. ஆனால் பட்டியல் உறுப்பினரைக் கட்சி விரும்பினால் இடையில் மாற்றலாம். சில சபைகளில் பெண்களைத்தான் முதலில் மாற்றினார்கள். இதை எதிர்த்து எழுத வேண்டும், நான் தொடர்ந்து எழுதுகிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். எனக்குத் தெரிந்த குடும்பங்களும் அந்த ஊரில் உண்டு. ஒரு கிழமை யாருக்கும் பேச்சு வரவில்லை, பிறகு வந்தது கோபம். சபைச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகளுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று துண்டுப்பிரசுரம் ஒட்டினார்கள். எங்கள் ஊர்ப் பொடியன்கள், பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், வீட்டுக்கு வந்தார்கள். "டீச்சர், நீங்க எங்கட பக்கமா, அவங்கட பக்கமா?"

அந்தக் கேள்விக்கு நேரே பதில் சொன்னால் இரண்டு பதிலும் நாசம். நான் உள்ளே போய் சந்தைக் குத்தகை ஒப்பந்தத்தின் பிரதியை எடுத்து வந்தேன். இவர்கள் கேள்விப்பத்திரத்தில் எடுத்த கடைகள், டிசம்பர் வரை பணம் கட்டியாயிற்று, காரணமில்லாமல் எழுப்பினால் வழக்குப் போடுவார்கள், நட்டஈடு உங்கள் அப்பா கட்டும் சோலைவரியிலிருந்துதான் போகும் என்றேன். மீனவர் வீட்டுப் பொடியனிடம், கரைக்கு வரும் மீனை மொத்தமாக வாங்குவது யார், நாளைக்கு அதை யாரிடம் கொடுப்பாய் என்று கேட்டேன். 26ஆம் திகதி சாய்ந்தமருதில் குண்டுத் தாக்குதல் நடத்திய கும்பலைச் சேர்ந்தவர்கள் ஒளிந்திருந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தது அந்த ஊர் முஸ்லிம்கள்தான் என்பதையும் சொன்னேன். அவர்கள் என்னோடு உடன்படவில்லை. ஆனால் திரும்பிப் போய்க் கூட்டத்திடம் சொல்வதற்கு அவர்களிடம் ஒரு காரணம் இருந்தது: "சட்டம் விடாதாம்."

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கொதித்துப் போயிருக்கும் ஒரு இளைஞனால் தன் கூட்டாளிகள் முன்னே அன்பு பற்றிப் பேச முடியாது. பேசினால் துரோகி ஆகிவிடுவான். விதி தடுக்கிறது என்று சொல்ல முடியும். மானம் போகாமல் பின்வாங்க ஒரு வழி. அதனால்தான் நல்ல காலத்திலேயே குத்தகை, அனுமதிப்பத்திரம், முன்னுரிமைப் பட்டியல் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். நெருக்கடி வந்த பிறகு எழுதினால் அது ஒரு பக்கத்துக்குச் சார்பாக எழுதியதாகவே தெரியும்.

அதே நாட்களில் மறுபக்கத்தை முஸ்லிம் உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டார்கள். தேடுதல் என்ற பேரில் வீட்டுக்கு வீடு ஆமி புகுந்தபோது அவர்களுடைய இளைஞர்களும் கொதித்தார்கள். காக்காதான் இரவெல்லாம் பள்ளிவாசலில் இருந்து பேசி அடக்கினார். அவர் ஆட்களை அவர் பார்க்க வேண்டும், என் ஆட்களை நான் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு புரிதல் இருந்தது. நான் போய் முஸ்லிம் இளைஞர்களுக்குப் புத்தி சொன்னால் எடுபடாது, எடுபடவும் கூடாது.

எங்கள் கைக்கு அப்பாற்பட்டதும் இருந்தது. அதே ஆண்டு ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டுத் தமிழர் உண்ணாவிரதம் இருந்தார்கள். எதிராக முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தமிழ்க் கோரிக்கை நியாயமானது என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். முழு அதிகாரம் இல்லாத அலுவலகத்தில் முப்பது வருடமாக வரிசையில் நிற்பவருக்குப் பொறுமை போதிக்க எனக்கு உரிமையில்லை. காணி எல்லை பற்றிய முஸ்லிம்களின் பயமும் வெறும் கற்பனையல்ல. இப்படியான விவகாரத்தைக் கொழும்பிலிருந்து தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு பக்கத்துக்கும் வாக்குறுதியாகக் கொடுத்து இழுத்தடிப்பது பெரும் பாவம். பிரதேச சபையால் அதைத் தீர்க்க முடியாது. எங்களால் முடிந்தது அந்தக் கிழமையில் சபைக் கூட்டத்தை ஒத்திவைக்காமல் நடத்தியதுதான். வழமையான நிகழ்ச்சிநிரல், வழமையான தேநீர்.

வரவுசெலவுத் திட்டம் பற்றி ஒரு வார்த்தை. அது அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றால் தவிசாளர் பதவி இழக்கவும் கூடும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் அப்படித்தான் பதவி இழந்தார். இந்த விதியால் எங்கள் தவிசாளர் ஒவ்வொரு நவம்பரிலும் முஸ்லிம் உறுப்பினர்களின் வீடு வீடாகப் போனார். சிலர் அதைப் பேரம் என்று பழித்தார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. மற்றவரின் வாக்கு இல்லாமல் நாற்காலி நிற்காது என்றால், மற்றவரின் ஒழுங்கைக்கும் கிறவல் போய்ச் சேரும்.

சபை இல்லாத காலத்தையும் பார்த்தோம். 2022இல் முடிய வேண்டிய பதவிக்காலத்தை ஒரு வருடம் நீட்டினார்கள். 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தலைக் காசில்லை என்று நிறுத்தினார்கள். மார்ச் 19உடன் நாங்கள் வெளியேறினோம். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6இல். இடைப்பட்ட இரண்டு வருடமும் செயலாளர்தான் எல்லாம். நல்ல மனிதர், நேர்மையானவர். ஆனால் மயானச் சுவர் ஒன்றில் தகராறு வந்தபோது பேசித் தீர்க்க ஒரு மேசை இல்லை. இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஓடின. அவர்களுக்கு அது அறிக்கை விடக் கிடைத்த நல்ல விடயம். மாகாண மட்டத்தில் இதைவிட மோசம்: கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது, அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சிதான்.

2024 ஜனாதிபதித் தேர்தலில் நான் வாக்காளர் விளக்கக் கூட்டங்களுக்குப் போனேன். 1, 2, 3 என்று விருப்பு அடையாளமிடலாம் என்ற ஏற்பாடு 1978 முதல் இருக்கிறது, அந்தத் தேர்தலில்தான் முதல்முறையாக இரண்டாம் எண்ணும் கட்டம் வந்தது. தமிழ் வாக்காளர் தன் ஆளுக்கு 1 போட்டுவிட்டு, வெல்லக்கூடிய சிங்களத் தலைவருக்கு 2 போடலாம். அந்தத் தலைவரும் அதற்காகத் தமிழில் எதையாவது சொல்ல வேண்டிவரும். நல்ல ஏற்பாடு, ஆனால் பெரும்பாலானோர் ஒரு புள்ளடியோடு வந்துவிட்டார்கள். இதைத் தேர்தலுக்கு முந்திய கிழமையில் அல்ல, உயர்தர வகுப்பில் படிப்பிக்க வேண்டும்.

2025 உள்ளூராட்சித் தேர்தலில் என் ஊரில் வட்டாரத்திலேயே நின்று வென்றவள் என் பழைய மாணவி. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வந்தாள். பழைய கூட்ட அறிக்கைகளை வாங்கி முழுதும் வாசி, அதில் எந்தச் சண்டை எப்போது எப்படித் தொடங்கியது என்று தெரியும் என்றேன். கச்சேரிக்குத் தனியாகப் போகாதே, முஸ்லிம் உறுப்பினர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போ, இரண்டு பேராகப் போனால் அங்கே உட்காரச் சொல்வார்கள் என்றேன். பல வருடங்களாகச் சிங்கள வகுப்புக்கு வராமல் தப்பியவள் அவள். இப்போது சனிக்கிழமைகளில் வருகிறாள். போன கிழமை புதிய முஸ்லிம் பெண் உறுப்பினரையும் அழைத்து வந்தாள். சந்தைக் குத்தகைப் படிவம் இந்த டிசம்பரில் புதுப்பிக்கப்பட வேண்டும். அதில் எந்த வரிகளை மாற்றுவது என்று மூன்று பேரும் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருக்கிறோம்.